தேவைப்படும் வரை மட்டுமா மனிதர்?

கிளிநொச்சி மாவட்டத்தில் நாங்கள் பணிசெய்யும் ஒரு கிராமத்தில் மாதத்தின் முதற் சனிக்கிழமை பெண்கள் குழு கூடும். சேமிப்புப் பணத்தை எண்ணி, பதிவேட்டில் கையெழுத்து வைத்து, பிளேன்ரீ குடித்து முடிந்த பிறகுதான் மனதில் இருப்பவை வெளியே வரும். அப்படி ஒரு நாள், எல்லோரும் எழும்பிப் போகும்வரை பொறுத்திருந்த ஓர் அம்மா என்னருகே வந்து அமர்ந்தார்.

"பிள்ளை, உம்மட்டை ஒரு விசயம் கேக்கோணும். மகன்ரை முதலாளி அம்மா அங்கத்தைக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுத்திருக்கிறாவாம். இவன் நல்ல வேலைகாரன், இவனைத் திருப்பி அனுப்பாதேங்கோ எண்டு. முதலாளிமார் சொன்னால் அரசாங்கம் கேக்குமே?"

மகன் இருப்பது ஜேர்மனியில். 2009 இறுதி யுத்தத்தில் கணவரையும் மூத்த மகனையும் இழந்தவர் இந்த அம்மா. எஞ்சிய ஒரே மகனை 2017இல் காணியை ஈடுவைத்து அனுப்பினார். அங்கே அவனுடைய தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அவன் வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறான். அந்த இல்லத்தை நடத்தும் பெண்மணிதான் கடிதம் எழுதியவர்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்லுறன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். குடிப்பெயர்வு பற்றிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியற் பாடமாகப் படித்தவள் நான். மக்களை ஊரைவிட்டுத் தள்ளும் காரணிகள், வேறு நாட்டுக்கு இழுக்கும் காரணிகள் என்று அட்டவணை போட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஒரு தாய் நேருக்கு நேர் கேட்டபோது அந்த அட்டவணை உதவவில்லை. அதனால் தேடி வாசித்தேன். அப்படி அறிந்தவற்றை, வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ உள்ள எல்லாச் சகோதரிகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

'டுல்டுங்' என்னும் தாள்

அந்த மகனிடம் இருப்பது 'டுல்டுங்'. ஜேர்மனியில் உறவுகள் உள்ள எங்கள் வீடுகளில் இந்தச் சொல் பழக்கமானது. இது வீசாவும் அல்ல, வதிவிட அனுமதியும் அல்ல. "நீ போகவேண்டியவன், ஆனால் இப்போதைக்கு அனுப்பவில்லை" என்று சொல்லும் ஒரு தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவுக்கு இங்கே நித்திரை இருக்காது.

1983க்குப் பின்னர் எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் ஜேர்மனிக்குப் போனார்கள். அப்போது அந்நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் போவதுதான் அன்றைய வழி. 1985இல் இரு அரசுகளும் பேசி, மேற்கு ஜேர்மன் வீசா இல்லாத தமிழருக்கு அந்த வழியை மூடின.

அந்நாட்களில் தஞ்சம் கோரியவர்கள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தது. 1987இல் அந்தத் தடை ஐந்து ஆண்டுகள்வரை நீட்டப்பட்டது. வேலை கொடுத்தால் இன்னும் பலர் வருவார்கள் என்பது அன்றைய பயம். "நாங்கள் சும்மா இருந்து சாப்பிடுகிறோம் என்று பேசினார்கள். வேலைசெய்ய விடாததும் அவர்கள்தான்" என்று அந்தக் காலத்தில் போன ஒருவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்.

அதே நாட்டில்தான் இப்போது முதலாளிமார் அகதிகளுக்காகக் கடிதம் எழுதுகிறார்கள். இடையில் நடந்தது என்ன?

ஆள் தேடும் நாடு

ஜேர்மனியில் பிள்ளைகள் குறைவு, முதியவர்கள் அதிகம். 2021இல் அந்நாட்டின் வேலைவாய்ப்பு நிறுவனத் தலைவராக இருந்த டெட்லெஃப் ஷேலே, ஆண்டுதோறும் வெளியேறுவோரைக் கழித்துப் பார்த்தாலும் 4 இலட்சம் பேர் புதிதாக வந்தால்தான் தொழிலாளர் பற்றாக்குறையைச் சமாளிக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறினார். தாதியர், முதியோரைப் பராமரிப்பவர், சமையற்காரர், பாரவூர்திச் சாரதி, மின்னிணைப்பாளர் என எல்லாத் தொழிலிலும் ஆள் தேவை என்பதே அவருடைய பேச்சின் சாரம்.

ஆள் தேடுவது அந்நாட்டுக்குப் புதிதல்ல. 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தார்கள். 'விருந்தினர் தொழிலாளர்' என்று பெயர் வைத்தார்கள். இஸ்தான்புல்லில் இருந்த ஆட்சேர்ப்புக் கந்தோரில் ஜேர்மன் வைத்தியர்கள் அவர்களுடைய பல்லையும் உடம்பையும் சோதித்த பின்னரே ரயில் ஏற்றினார்கள். வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பெண்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தவுடன் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் வந்தவர்கள் அதற்குள் வீடு, பிள்ளை, பள்ளிக்கூடம் என்று வேரூன்றிவிட்டார்கள். விருந்தினர் என்ற பெயர் அவர்களுக்குப் பொருந்தவில்லை. குடிமக்கள் என்ற உரிமையும் அவர்களில் பலருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

பெரியவர்கள் பேசினார்கள், சிறியவர்கள் செய்தார்கள்

2015ஆம் ஆண்டு சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் போன்ற நாடுகளிலிருந்து ஏறத்தாழ 9 இலட்சம் பேர் ஜேர்மனிக்குள் தஞ்சம் தேடி வந்தார்கள். அப்போது டைம்லர் மோட்டார் வாகன நிறுவனத்தின் தலைவராக இருந்த டீட்டர் செட்ஷே, இந்த அகதிகள் அடுத்த பொருளாதார அற்புதத்துக்கு அடித்தளமாகலாம் என்ற கருத்தைச் சொன்னார். உலகெங்கும் பத்திரிகைகள் அதைப் பிரசுரித்தன.

ஓர் ஆண்டு கழிந்தது. 2016இல் ஒரு ஜேர்மன் பத்திரிகை, நாட்டின் மிகப் பெரிய 30 நிறுவனங்களிடம் "எத்தனை அகதிகளுக்கு நிரந்தர வேலை கொடுத்தீர்கள்?" என்று கேட்டது. எல்லாருமாகச் சேர்ந்து கொடுத்தது 54 பேருக்கு. அதிலும் 50 பேரை எடுத்தது தபால் நிறுவனம். மொழி தெரியாது, சான்றிதழ் இல்லை, தாள்கள் முடியவில்லை என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனாலும் மேடைப் பேச்சுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை அந்த 54 என்ற எண் காட்டியது.

அகதிகளைத் தேடி எடுத்து வேலை பழக்கியவர்களில் பலர் சிறு, நடுத்தர முதலாளிமார். வெதுப்பகம், தச்சுப்பட்டறை, உணவகம், முதியோர் இல்லம் நடத்துபவர்கள். தெற்கே பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் டெற்நாங் என்ற சிறிய ஊரில் ஃபௌடே என்ற நிறுவனம் இருக்கிறது. மலையேறுவோருக்கான உடைகளும் முதுகுப் பைகளும் செய்வது அதன் தொழில். 1974இல் தந்தை தொடங்கியதை 2009இல் பொறுப்பேற்றவர் மகள் அன்ரியே ஃபொன் டேவிட்ஸ், நான்கு பிள்ளைகளின் தாய். தொழிலாளரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நிறுவனத்திலேயே ஒரு பிள்ளைகள் இல்லம் 2001 முதல் இயங்கியது.

இவரும் அகதிகளை வேலைக்கு எடுத்தார். அவர்களுக்கு மொழியும் தொழிலும் பழக்கி, இனித் தனியே செய்வார்கள் என்ற நிலை வரும்போது, அவர்களில் சிலருக்கு நாட்டைவிட்டுப் போகும்படி கடிதம் வந்தது. அக்கம்பக்கத்து முதலாளிமாருக்கும் அதே அனுபவம். லொய்ட்கிர்ஹ் என்ற ஊரில் பியர் வடிசாலை நடத்தும் கொட்ஃப்ரீட் ஹேர்லேயும் இவரும் 2018இல் மற்றவர்களைக் கூட்டிச் சேர்த்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்து, வேலை செய்து தம் சொந்தக் காலில் நிற்கும் அகதிக்கு நாட்டில் இருக்க உரிமை வேண்டும் என்று அரசிடம் கேட்டன.

இதில் தொழில் இலாபமும் உண்டு. ஆள் போனால் இயந்திரம் நிற்கும், பழக்கிய செலவு வீண். ஆனால் அது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். தினமும் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் ஒரு காலையில் வரவில்லை, இரவோடிரவாகப் பொலிசார் கொண்டுபோய்விட்டார்கள் என்று அறியும்போது மனிதருக்கு வரும் துயரமும் அதில் இருந்திருக்கும். ஆட்கள் காணாமற்போன கதவுகளைப் பார்த்து நின்ற எங்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

சட்டம் அசைந்தது

ஆகவே அம்மா கேட்ட கேள்விக்கு முதற் பதில், "ஓரளவு கேட்கும்" என்பதே. தொழில் பழகும் அகதி மூன்று ஆண்டு பயிற்சியையும், அதன்பின் இரண்டு ஆண்டு வேலையையும் பயமின்றிச் செய்யலாம் என்று 2016இல் ஓர் ஏற்பாடு வந்தது. 2020 ஜனவரி முதல் 'வேலைக்கான டுல்டுங்' நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட திகதிக்கு முன் நாட்டுக்கு வந்திருக்கவேண்டும். ஆளடையாளம் உறுதியாகவேண்டும். 18 மாதங்கள், கிழமைக்கு 35 மணித்தியாலம் முறையான வேலை செய்திருக்கவேண்டும். தன் சீவியத்தைத் தானே பார்க்கவேண்டும். ஓரளவு மொழி பேசவேண்டும். குற்றத் தீர்ப்பு இருக்கக்கூடாது. இவை இருந்தால் 30 மாதங்களுக்கு ஒரே தாள். அது முடிய வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ 35 மணித்தியாலம் அல்ல, 20 போதும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. தனியே பிள்ளை வளர்ப்பதும் ஒரு வேலை என்பதை ஒரு சட்டம் ஓரளவாவது ஏற்றுக்கொண்டதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. 2024இல் இந்த நிபந்தனைகள் இன்னும் சற்றுத் தளர்ந்தன. ஆனால் முதலாளிமார் கேட்ட அளவுக்கு அரசு கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

வாக்குப் பெட்டி அசையவில்லை

2024 ஜனவரியில் ஜேர்மனியில் ஒரு செய்தி வெளியானது. முந்திய நவம்பரில் பொட்ஸ்டாம் நகருக்கு அருகே ஒரு விடுதியில் வலதுசாரிகள் சிலர் கூடி, வெளிநாட்டு வேருள்ளவர்களைப் பெருந்தொகையாக வெளியேற்றுவது பற்றிப் பேசினார்கள் என்று அச்செய்தி கூறியது. 'ஜேர்மனிக்கான மாற்று' என்ற கட்சியைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். இலட்சக்கணக்கான மக்கள் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

வழக்கமாக அரசியல் பேசாத தொழிலதிபர்களும் இம்முறை பேசினார்கள். திருகாணி விற்கும் சிறு கடையைத் தந்தை இறந்தபோது 19 வயதில் பொறுப்பேற்று, உலகளாவிய நிறுவனமாக்கியவர் ரைன்ஹோல்ட் வூர்த். 2024 மார்ச்சில் அவருக்கு வயது 88. அரசின்மேல் உள்ள கோபத்துக்காக அந்தக் கட்சிக்கு வாக்களிக்கவேண்டாம் என்ற கருத்தில், ஜேர்மனியில் உள்ள தன் 25,000 அளவான தொழிலாளருக்கு நீண்ட கடிதம் எழுதினார். மே மாதத்தில் சீமென்ஸ், பி.எம்.டபிள்யூ., டொய்ச்சே வங்கி உட்பட முப்பதுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, வெறுப்புக்கும் பிரிவினைக்கும் எதிராகப் பிரசாரம் செய்தன. அவற்றில் வேலை செய்வோர் மட்டும் 17 இலட்சம் பேர்.

இதற்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1933 பெப்ரவரி 20ஆம் திகதி ஜேர்மனியின் முக்கிய தொழிலதிபர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் ஹிட்லரைச் சந்தித்து, அவருடைய தேர்தலுக்குப் பணம் கொடுக்க இணங்கினார்கள். பின்னர் யுத்த காலத்தில் போலந்து, உக்ரேன் போன்ற நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்ட மில்லியன் கணக்கான ஆண்களும் பெண்களும் பல தொழிற்சாலைகளில் கட்டாய வேலை செய்தார்கள். 2000ஆம் ஆண்டில்தான் அரசும் நிறுவனங்களும் பாதி பாதியாக 10 பில்லியன் மார்க் போட்டு ஒரு நிதியம் அமைத்தன. உயிரோடிருந்த 16 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு 2007 வரை பணம் கொடுக்கப்பட்டது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். 1933இல் தங்கள் முன்னோர் தவறிய இடத்தை நினைத்தே பிற்காலத்தவர் சிலர் வாய் திறந்தார்கள்.

பலன் என்ன? 2024 ஜூனில் நடந்த ஐரோப்பியத் தேர்தலில் அந்தக் கட்சி 15.9 வீத வாக்குப் பெற்று இரண்டாமிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் துரிங்கியா மாநிலத்தில் 32.8 வீதத்தோடு முதலிடம். 2025 பெப்ரவரிப் பொதுத்தேர்தலில் 20.8 வீதம், அதாவது முந்திய தேர்தலைப்போல இரு மடங்கு. முதலாளிமாரின் கடிதம் சட்டத்தைச் சற்று அசைத்தது. வாக்காளரை அதிகம் அசைக்கவில்லை.

ஏன்? தொழிலாளியின் இடத்தில் இருந்து பார்ப்போம். வாடகை ஏறுகிறது, கிராமத்து ஆஸ்பத்திரி மூடுகிறது, சம்பளம் போதவில்லை. இந்நேரம் முதலாளி வந்து, வெளிநாட்டவர் வரட்டும் என்கிறார். 'மலிவாக ஆள் கிடைக்கும் என்றுதானே சொல்கிறார்' என்று அவனுக்குத் தோன்றாதா? அந்தச் சந்தேகத்துக்குச் சான்றும் உண்டு. 2020இல் கொரோனா பரவியபோது ரேடா-வீடன்புரூக் என்ற ஊரிலுள்ள பெரிய இறைச்சித் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இடைத்தரகர் மூலம் வந்த தொழிலாளர். நெருக்கமான தங்குமிடங்களில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாடு அப்போதுதான் பார்த்தது. அடுத்த ஆண்டு இறைச்சித் தொழிலில் அந்த இடைத்தரகர் முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. வரவேற்கும் வாய் ஒன்று, வாழவைக்கும் கை வேறு.

அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி

இவற்றையெல்லாம் அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் எளிமையாகச் சொன்னேன். அம்மாவின் முகம் சற்றுத் தெளிந்தது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை கேட்டாள். ஷெல் விழுந்து ஒரு காலை இழந்தவள். அதற்கு முந்திய வருடம் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போய், நின்று செய்யும் வேலை உனக்குச் சரிவராது என்று திருப்பி அனுப்பப்பட்டவள்.

"அக்கா, அந்தக் கடிதம் வேலைகாரருக்குத்தானே? வேலைசெய்ய ஏலாதவைக்கு ஆர் கடிதம் குடுக்கிறது?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் வாசித்த எந்தச் செய்தியிலும் இந்தக் கேள்விக்கு முதலாளிமார் பதில் சொல்லவில்லை. "இவர்கள் எங்களுக்குத் தேவை" என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் அடிப்படை. அது நேர்மையான வாதம், பலருக்கு உதவிய வாதம். ஆனால் தேவை என்பது ஒரு வாசல் என்றால், அந்த வாசலால் வரமுடியாதவர்கள் பலர். காயப்பட்டவர், வயது போனவர், பயத்தில் இரவில் கத்தி எழும்புகிறவர், கைக்குழந்தையோடு நிற்கும் தாய். யுத்தம் ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பதே வேலைசெய்யும் பலத்தைத்தான். அதையே தகுதியாகக் கேட்டால் மிகவும் பாதிக்கப்பட்டவர் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்.

1949இல் எழுதப்பட்ட ஜேர்மன் அரசியற் சட்டம், அரசியற் காரணத்தால் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்சம் பெறும் உரிமை உண்டு என்றது. தங்கள் நாட்டவரே அகதியாய் அலைந்த அனுபவத்திலிருந்து எழுதிய வாசகம் அது. உனக்கு என்ன வேலை தெரியும் என்று அது கேட்கவில்லை. 1993 மே 26ஆம் திகதி நாடாளுமன்றம் அந்த உரிமையைப் பெரிதும் சுருக்கியது. உரிமை சுருங்கிய இடத்தைத்தான் பின்னாளில் 'தேவை' வந்து நிரப்பியது. தேவை இன்று இருக்கும், நாளை இயந்திரம் வந்தால் போய்விடும். 1973இல் ஆட்சேர்ப்பு ஒரே நாளில் நின்றதை மறக்கக்கூடாது.

எங்கள் நாட்டிலும் பேசினார்கள்

இது தூரதேசத்துக் கதை மட்டுமல்ல. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. காப்புறுதிக் கட்டணம் ஏறியது, உல்லாசப் பயணிகள் வரவில்லை, கப்பல்கள் தயங்கின. அந்த ஆண்டு, சுதந்திரத்தின் பின் முதல் தடவையாக நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. அப்போதுதான் ஆடை, தேயிலை, சுற்றுலா, கப்பற் சரக்குத் துறைகளைச் சேர்ந்த வர்த்தகத் தலைவர்கள் 'ஸ்ரீலங்கா ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கிச் சமாதானம் வேண்டும் என்றார்கள். அதன் முன்னணியில் நின்றவர்களில் நீலா மரிக்கார் என்ற பெண் தொழிலதிபர் ஒருவர். செப்டம்பர் 19ஆம் திகதி நண்பகலில் மக்கள் வீதியோரங்களில் கைகோர்த்து நின்றார்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏ-9 வீதி திறந்தது.

அந்தக் குரலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தச் சில வருடங்களில் வன்னியில் பிள்ளைகள் குண்டுச் சத்தமின்றிப் படித்தார்கள். ஆனால் அதற்கு முந்திய பதினெட்டு வருடங்களாக எங்கள் வீடுகள் எரிந்தபோது இவ்வளவு உரத்து எழாத குரல், விமானங்கள் எரிந்தபோது எழுந்தது என்பதும் உண்மை. மீண்டும் யுத்தம் மூண்டபோது அந்தக் குரல் தேய்ந்துபோனது. நட்டக் கணக்கில் பிறந்த ஒற்றுமைக்கு நீண்ட ஆயுள் இல்லை என்பதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள்.

ஒற்றுமை பேசிய வேறு சிலர்

அப்படியானால் நிலைத்து நிற்கும் ஒற்றுமை எது? ஜேர்மனியிலிருந்தே இரண்டு உதாரணம்.

1973 ஓகஸ்டில் நொய்ஸ் நகரில் பியர்பூர்க் என்ற வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் துருக்கி, கிரேக்கம், ஸ்பெயின் முதலிய நாடுகளின் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'இலகு வேலை' என்று பெயரிட்டுப் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்ததற்கு எதிரான போராட்டம். சில நாட்களில் ஜேர்மன் தொழிலாளரும் வேலையை நிறுத்தி அவர்களோடு வந்து நின்றார்கள். அந்தக் கூலிப் பிரிவு ஒழிக்கப்பட்டது. ஒருவர் நியாயத்துக்காக மற்றவர் தன் சம்பளத்தை விட்டு நின்றதால் வந்த ஒற்றுமை அது.

மற்றவர் மெவ்லுதே கெஞ்ச், துருக்கியிலிருந்து வந்த ஒரு குடும்பப் பெண். தஞ்ச உரிமை சுருக்கப்பட்டு மூன்றாம் நாள், 1993 மே 29 அதிகாலையில், சோலிங்கன் நகரில் வெளிநாட்டவரை வெறுத்த இளைஞர்கள் அவருடைய வீட்டுக்குத் தீ வைத்தார்கள். இரண்டு மகள்மார், இரண்டு பேத்திகள், ஒரு மருமகள் முறையான சிறுமி என ஐந்து உயிர்கள் போயின. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பழிக்குப் பழி வேண்டாம், நட்பாக வாழ்வோம் என்று 2022இல் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1996இல் நாடு அவருக்கு உயர் விருது கொடுத்தது. அவர் யாருக்கும் 'தேவையான' ஆள் என்று எந்த முதலாளியும் கடிதம் எழுதவில்லை. ஆனால் ஒற்றுமை பற்றிப் பேச அவருக்கிருந்த உரிமை வேறு யாருக்கு உண்டு?

அதே சோலிங்கனில் 2024 ஓகஸ்டில் நகர விழாவின்போது, தஞ்சம் கோரி வந்த ஒருவன் கத்தியால் குத்தி மூன்று பேரைக் கொன்றான். அந்தக் குடும்பங்களின் துயரும் எங்கள் துயர் போன்றதே. ஒருவன் செய்ததற்கு எல்லா அகதிகளையும் குற்றவாளிகளாக்கிய குரல்கள் அதன்பின் பலத்தன. ஒருவரின் செயலுக்கு ஓர் இனத்தையே பொறுப்பாக்குவது எதில் கொண்டுபோய் விடும் என்று எங்களுக்குத் தெரியும்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

வெளிநாட்டில் டுல்டுங்கோடு இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சம்பளத் தாள், வேலை ஒப்பந்தம், மொழிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கவனமாக வைத்திருக்கட்டும். ஆளடையாளப் பத்திரங்களை ஒழுங்காக்கட்டும். முதலாளியின் கடிதம் நல்ல துணை, ஆனால் அதுவே சட்டமல்ல. சட்டம் அடிக்கடி மாறுவதால், அங்குள்ள தொண்டு நிறுவனங்களின் ஆலோசனை நிலையங்களில் நேரில் கேட்டுச் செய்யட்டும். இங்கே இருப்பவர்கள், "ஜேர்மனிக்கு ஆள் தேவையாம்" என்று சொல்லி வரும் முகவரிடம் காணி உறுதியைக் கொடுக்காதீர்கள். அங்கே ஆள் தேவை என்பது உண்மை. அந்த முகவர் சொல்லும் வழி உண்மையா என்பது வேறு விடயம்.

எங்கள் குழுவுக்கும் அந்தத் தங்கையின் கேள்வி ஒரு வேலை வைத்தது. குழுவின் சுழற்சிக் கடன் அதுவரை "திருப்பிக் கட்டக்கூடிய பலமுள்ளவருக்கு முதலில்" என்று கொடுக்கப்பட்டது. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஜேர்மன் முதலாளிமார்மேல் நான் சொன்ன அதே குறை எங்கள் பதிவேட்டிலும் இருந்தது. அன்றே பேசி விதியை மாற்றினோம். அடுத்த கடன் அந்தத் தங்கைக்கு. இருந்தபடியே தைக்கும் மின் தையல் இயந்திரம் ஒன்று வாங்கினாள்.

அம்மாவின் மகனுக்கு எழுதப்பட்ட கடிதத்துக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கைத்தொலைபேசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருகிறார். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும்போது, இப்போது அந்தத் தங்கைதான் அவருக்குப் பக்கத்தில் போய் இருக்கிறாள்.